மெய்நிகர் உலகமும் மொய் நோட்டும்: திரைப்படங்கள் கிளப்பிவிட்ட ஒரு கேள்வி

"நாம் வாழ்வதே ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம்தானாமே, உண்மையா?" கல்லூரி விடுதியிலும் டீக்கடை பெஞ்சிலும் இந்தக் கேள்வி இப்போது சாதாரணமாகப் புழங்குகிறது. தமிழில் டப் செய்யப்பட்டு ஓடிடியில் வரும் ஹாலிவுட் படங்களுக்கும், அவற்றுக்கு விளக்கம் சொல்லும் யூடியூப் வீடியோக்களுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. நாம் அசல் உலகில் இருப்பதற்கான வாய்ப்பு பல நூறு கோடியில் ஒன்றுதான் என்று 2016இல் எலான் மஸ்க் ஒரு மேடையில் சொன்னது அதற்கு இன்னும் எண்ணெய் ஊற்றியது.

கேள்விக்குப் பின்னால் ஒரு கவலையும் இருக்கிறது. கண்ணுக்கும் காதுக்கும் வித்தியாசம் தெரியாத ஓர் உலகத்தைக் கருவியே தந்துவிடுமானால், வெயிலும் கடனும் முதுகுவலியும் உள்ள இந்த வாழ்க்கைக்கு என்ன மதிப்பு? கவலை நியாயமானதுதான். ஆனால் வெவ்வேறான பல விஷயங்கள் இதில் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

நான்கு வெவ்வேறு விஷயங்கள்

1. மெய்நிகர் கருவி, அதாவது வி.ஆர். தலையில் மாட்டிக்கொள்ளும் கண்ணாடி. 1968இல் ஐவன் சதர்லாண்ட் செய்த தலைக்கருவிதான் இதற்கு முன்னோடி. கூரையிலிருந்து தொங்கவிட வேண்டிய அளவுக்கு அது கனமாக இருந்தது.

2. மெட்டாவர்ஸ். பலர் ஒரே நேரத்தில் அவதாரங்களாக, அதாவது தங்களைக் குறிக்கும் கணினி உருவங்களாக, நுழைந்து பேசிப் பழகும் இணைய வெளி. 1992இல் நீல் ஸ்டீபன்சன் எழுதிய 'ஸ்னோ கிராஷ்' நாவலில் வந்த பெயர் இது. 2021 அக்டோபரில் ஃபேஸ்புக் நிறுவனம் தன் பெயரையே மெட்டா என்று மாற்றிக்கொண்டதால் உலகம் முழுக்கப் பரவியது. அந்த நிறுவனத்தின் மெய்நிகர் பிரிவு 2024இல் மட்டும் 1,700 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் காட்டியது. மக்கள் கூட்டம் கூட்டமாகக் குடியேறப் போகிறார்கள் என்ற எதிர்பார்ப்பு இன்றுவரை நிறைவேறவில்லை.

3. சிமுலேஷன் கருதுகோள். நாம் வாழும் உலகமே ஒரு கம்ப்யூட்டர் உருவாக்கியதாக இருக்கலாம் என்பது. இது கருவி அல்ல, தத்துவ வாதம். 2003இல் தத்துவவாதி நிக் பாஸ்ட்ரம் எழுதிய கட்டுரை மூன்று வாய்ப்புகளை முன்வைத்தது: நாகரிகங்கள் உலகையே கம்ப்யூட்டரில் உருவாக்கும் தொழில்நுட்பத்தை எட்டும் முன்பே அழிந்துவிடும், அல்லது எட்டினாலும் முன்னோர் உலகை உருவாக்கிப் பார்க்க விரும்பாது, அல்லது நாம் ஏற்கெனவே அப்படியொரு உலகில்தான் இருக்கிறோம். மூன்றில் ஒன்றாவது சரியாக இருக்க வேண்டும் என்பதே அவர் வாதம். மூன்றாவதுதான் சரி என்று அவர் அதில் முடிவு கட்டவில்லை. யூடியூப் தலைப்புகளில் முதல் இரண்டும் காணாமல் போய்விடுகின்றன.

4. ஏஐ செய்யும் முகமும் குரலும். மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலும் 2024இல் 'லால் சலாம்' பாடலில் கேட்டது இந்த வகை. குடும்பத்தாரின் சம்மதத்தோடு அது நடந்தது.

கண்ணாடிக்குள் நடப்பது

நம் இரு கண்களுக்கும் இடையே ஆறு சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலான இடைவெளி இருக்கிறது. அதனால் ஒரே பொருளை இரண்டு கண்ணும் இரண்டு கோணத்தில் பார்க்கின்றன. இரண்டையும் ஒப்பிட்டு மூளை ஆழத்தைக் கணக்கிடுகிறது. வி.ஆர். கண்ணாடி ஒவ்வொரு கண்ணுக்கும் சற்றே மாறுபட்ட படத்தைக் காட்டி அதே கணக்கைச் செய்ய வைக்கிறது. தலை திரும்பினால் படமும் உடனே திரும்ப வேண்டும். இந்தத் தாமதம் 20 மில்லி விநாடிக்குள் இருந்தால்தான் பார்ப்பவருக்கு உறுத்தாது. இதற்காகவே நல்ல கருவிகள் விநாடிக்கு 90 முறையோ அதற்கு மேலோ படத்தைப் புதுப்பிக்கின்றன.

இவ்வளவு செய்தும் உடம்பு முழுசாக ஏமாறுவதில்லை. பொருட்காட்சியில் நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணாடி மாட்டி, மலைச்சரிவில் ரயில் பாய்வதைக் காட்டுவார்கள். கண் "விழுகிறோம்" என்கிறது. உட்காதில் சமநிலையைக் கவனிக்கும் உறுப்போ "அசையவே இல்லை" என்கிறது. இரண்டு சாட்சியும் முரண்படும்போது சிலருக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. தொடுகை, வாசனை, பசி, எடை ஆகியவற்றுக்கு இந்தக் கருவிகளிடம் இன்னும் சரியான பதில் இல்லை.

படங்கள் இந்தச் சிக்கலை ஒரே தாவாகத் தாண்டிவிடுகின்றன. பிடரியில் ஒரு கம்பியைச் செருகினால் மூளைக்கு நேராக உலகம் போய்ச் சேர்ந்துவிடும். அப்படியொரு கருவி இன்று இல்லை. ஆகவே படம் எழுப்பும் கேள்வியைத் தொழில்நுட்ப முன்னறிவிப்பாக எடுத்துக்கொள்ளாமல், "இப்படி ஒன்று வந்தால் உனக்கு எது முக்கியம்?" என்று கேட்கும் சோதனையாக எடுத்துக்கொள்வதே சரி.

படங்கள் வந்த வழி

'மேட்ரிக்ஸ்'தான் இந்த வகையில் முதல் படம் என்று பலர் நினைக்கிறார்கள். டேனியல் கலூய் 1964இல் எழுதிய நாவலை வைத்து, ஜெர்மன் இயக்குநர் ஃபாஸ்பிண்டர் 1973லேயே தொலைக்காட்சிக்காக 'வேர்ல்ட் ஆன் எ வயர்' எடுத்துவிட்டார். 1982இல் 'ட்ரான்' வந்தது. பிறகு 1999இல் மார்ச் முதல் மே வரை மூன்றே மாதங்களுக்குள் 'மேட்ரிக்ஸ்', 'எக்சிஸ்டென்ஸ்', 'தர்ட்டீன்த் ஃப்ளோர்' மூன்றும் அமெரிக்காவில் வெளியாயின. மூன்றாவது படத்துக்கும் மூலம் அதே 1964 நாவல்தான். இணையம் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த வருடங்கள் அவை.

இவற்றில் இரண்டு காட்சிகளை நின்று பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டர் காட்டும் பொய் உலகில் மனிதர்கள் அடைபட்டுக் கிடக்கும் 'மேட்ரிக்ஸ்' படத்தில், அதிலிருந்து வெளியேறிய சைஃபர் என்ற பாத்திரம் எதிரியோடு உட்கார்ந்து இறைச்சித் துண்டைச் சாப்பிடும். இந்த இறைச்சி இல்லவே இல்லை என்று தனக்குத் தெரியும், ஆனாலும் ருசிக்கிறது என்று சொல்லும். நண்பர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் பொய் உலகத்துக்கே திரும்ப விலை பேசும் இடம் அது. பணக்காரனாக, முக்கியமான ஆளாக, ஒரு நடிகனைப் போல இருக்க வேண்டும் என்கிறான். கூடவே இன்னொரு நிபந்தனை வைக்கிறான்: எனக்கு எதுவுமே ஞாபகம் இருக்கக் கூடாது. பொய் இன்பத்தை முழு மனதோடு விரும்புகிறவனுக்குக்கூட, அது பொய் என்ற நினைவோடும் செய்த துரோகத்தின் நினைவோடும் அதை அனுபவிக்க முடியாது. உண்மை வாழ்க்கையின் மதிப்புக்கு அந்தப் படம் தரும் மிக வலுவான சாட்சியம் இதுதான் என்று நினைக்கிறேன். உண்மையைக் காட்டும் சிவப்பு மாத்திரை, பொய் உலகிலேயே வைத்திருக்கும் நீல மாத்திரை பற்றிப் பேசுகிற அளவுக்கு யாரும் இதைப் பேசுவதில்லை.

இரண்டாவது, 1998இல் வந்த 'ட்ரூமன் ஷோ'. தன் வாழ்க்கையே ஒரு டிவி நிகழ்ச்சி என்று தெரியாமல் வாழும் ஒருவனின் கதை. இதில் கம்ப்யூட்டரே கிடையாது. ட்ரூமன் சாப்பிடும் சாப்பாடு நிஜம், நனைகிற தண்ணீர் நிஜம், உடம்பு நிஜம். ஆனால் மனைவி, நண்பன், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் சம்பளத்துக்கு நடிக்கிறவர்கள். படகு ஓட்டிக்கொண்டு போய் வானம் என்று வரைந்து வைத்த சுவரில் முட்டுகிறான். உள்ளேயே இரு, வெளியே இருப்பதும் இதே பொய்யும் வஞ்சனையும்தான் என்கிறார் அந்த உலகத்தைப் படைத்தவர். அவர் சொல்வதில் தவறில்லை. ஆனாலும் அவன் கதவைத் திறந்துகொண்டு போகிறான். இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: ஓர் உலகம் அணுவால் ஆனதா மின்னணுவால் ஆனதா என்பதை மட்டும் வைத்து அதன் மதிப்பை முடிவு செய்ய முடியாது.

தத்துவவாதிகள் என்ன சொன்னார்கள்?

1974இல் ராபர்ட் நோசிக் ஒரு கற்பனை இயந்திரத்தை முன்வைத்தார். அதில் படுத்தால் நீங்கள் விரும்பும் எல்லா அனுபவமும் கிடைக்கும். நாவல் எழுதியதாக, நட்பு கிடைத்ததாகத் தோன்றும். படுப்பீர்களா? மாட்டோம் என்றே பெரும்பாலானோர் சொல்வார்கள் என்பது அவர் கணிப்பு. செய்வதாகத் தோன்றுவது நமக்குப் போதாது, செய்ய வேண்டும். ஒரு குறிப்பிட்ட விதமான மனிதராக நாம் இருக்க வேண்டும்.

2010இல் ஃபிலிப்பே டி பிரிகார்ட் கேள்வியைத் திருப்பிப் போட்டார். "இதுவரை நீங்கள் வாழ்ந்ததே இயந்திரத்துக்குள்தான். வெளியே வருகிறீர்களா?" என்று கேட்டபோது பலர் உள்ளேயே இருந்துவிடுகிறோம் என்றார்கள். அப்படியானால் நாம் உண்மையை நேசிக்கிறோமா, பழகியதை நேசிக்கிறோமா? இந்த ஆய்வைப் பலர் நோசிக்குக்கு எதிரான தீர்ப்பாகக் காட்டுகிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. பழகியது என்று நாம் சொல்வதற்குள் அம்மா இருக்கிறார், பிள்ளை இருக்கிறது, பாதியில் நிற்கும் வேலை இருக்கிறது. அவற்றை விட்டுவிட்டு வர மறுப்பதை வெறும் சோம்பல் என்று தள்ள முடியாது.

2022இல் வெளியான தன் நூலில் டேவிட் சாமர்ஸ் இன்னும் ஒரு படி போனார். மெய்நிகர் உலகில் நடப்பதும் நிஜமே, அங்கும் பொருளுள்ள வாழ்க்கை சாத்தியம் என்றார். இதில் பாதியை ஏற்றுக்கொள்ளலாம். வீடியோ அழைப்பில் துபாயிலிருக்கும் கணவர் அழுதால் அந்த அழுகை நிஜம்தான்.

நம் பக்கத்து விடைகள்

உலகம் தோற்றமா, உள்ளதா என்ற விவாதம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. உலகம் தோற்றம் என்பதற்குக் கயிற்றில் தெரியும் பாம்பை உதாரணம் காட்டுகிறது அத்வைதம். சைவ சித்தாந்தம் வேறு வழியில் போகிறது. அதன்படி உலகம் உள்பொருள். உடல், கருவிகள், உலகம், நுகர்ச்சி (தனு, கரணம், புவனம், போகம்) ஆகிய நான்கும் மாயையிலிருந்து உயிருக்குக் கிடைப்பவை; உயிர் பக்குவப்பட அவை தேவை. விடியும் வரை உதவும் விளக்கு என்று மாயையைத் திருவருட்பயனில் உமாபதி சிவம் சொல்கிறார். இந்தப் பார்வையில், உலகத்தைப் பொய் என்று தள்ளிவிட்டுத் தப்பிக்க வழியில்லை. அதில் இறங்கிப் புழங்கித்தான் ஆக வேண்டும்.

மதுரைக்காஞ்சி இன்னும் நெருக்கமானது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை உணர்த்த மாங்குடி மருதனார் பாடியது. பத்துப்பாட்டில் மிக நீளமானது, 782 அடி. எல்லாம் அழியும் என்று சொல்ல வந்த புலவர், அழியப்போகும் இந்த ஊரைப் பார்த்துத் தீராமல் பார்க்கிறார். பகல் கடைகளான நாளங்காடி, இரவுக் கடைகளான அல்லங்காடி, சங்கை அறுத்து வளையல் கடைகிறவர், மணிக்குத் துளை போடுகிறவர், பொன்னை உரைத்துப் பார்க்கிறவர், புடவை விற்கிறவர், செம்பை எடை போட்டு வாங்குகிறவர் என்று ஒவ்வொருவராக நம் முன் வந்து நிற்கிறார்கள். நிலையாது என்பதால் மதிப்பில்லை என்று அவர் நினைத்திருந்தால் இத்தனை அடிகள் செலவழித்திருக்க மாட்டார்.

மதுரை பார்த்துவிட்ட சோதனை

2020இல் ஊரடங்கு காரணமாகச் சித்திரைத் திருவிழா வழக்கம்போல் நடக்கவில்லை. மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் சில பட்டர்களோடு நடந்து, நேரலையில் ஒளிபரப்பானது. கள்ளழகர் வைகையில் இறங்கவில்லை. 2021லும் கூட்டம் அனுமதிக்கப்படவில்லை. எந்தத் தத்துவவாதியும் திட்டமிடாமல், ஒரு நகரமே திரை வழியாகத் தன் பெருவிழாவைப் பார்க்க நேர்ந்தது.

திருக்கல்யாண முகூர்த்தத்தில் பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வது மதுரை வழக்கம். அந்த வருடம் டிவிக்கும் செல்போனுக்கும் முன்னால் மஞ்சள் தடவிய புதுக் கயிறோடு உட்கார்ந்தார்கள். திரையில் மங்கலநாண் பூட்டும் நேரத்தில் வீட்டில் கயிறு மாறியது. இந்தச் சடங்கைப் போலி என்று யாரும் சொல்ல முடியாது. திரையில் வந்தது படம்தான், கழுத்தில் ஏறிய கயிறு படமல்ல. பார்த்தவர்கள் வெறுமனே பார்க்காமல் தங்கள் உடம்பால் ஒன்றைச் செய்தார்கள்; அது கழுத்தில் தங்கியது.

அதே சமயம் விடுபட்டதும் உண்டு. சேதுபதி பள்ளியில் நடக்கும் கல்யாண விருந்து திரையில் வர முடியாது. ஆற்றில் அழகர் இறங்குவதை நேரலை மிக அருகில் காட்டும். நேரில் நிற்பவருக்குப் பல நேரம் குடையின் நுனிதான் தெரியும். ஆனால் தோல்பையிலிருந்து நீங்கள் பீய்ச்சும் தண்ணீர் நேரில்தான் அவர்மேல் விழும். சொம்பில் நிரப்பிய சர்க்கரையின் மேல் சூடம் ஏற்றிக் காட்டிவிட்டு, பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவர் கையில் ஒரு பிடி கொடுப்பதும் நேரில்தான்.

நேரில் இருப்பதற்கு விலையும் உண்டு. 2022 ஏப்ரலில் கூட்டம் திரும்ப அனுமதிக்கப்பட்டபோது, அழகர் ஆற்றில் இறங்கிய நாளின் நெரிசலில் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். வயதானவர்களும் நோயாளிகளும் வீட்டிலிருந்து பார்ப்பது குறைபட்ட பக்தி என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. நிஜத்தை உயர்த்திப் பேசும் கட்டுரைகள் இந்த இடத்தைச் சொல்லாமல் விட்டுவிடுவது எனக்கு ஒப்பாது.

மெட்டாவர்ஸ் வரவேற்பும் மொய்யும்

2022 பிப்ரவரியில் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு புதுமண ஜோடி மெட்டாவர்ஸில் வரவேற்பு நடத்தியது தேசிய அளவில் செய்தியானது. தாலி கட்டியது ஊரில். வரவேற்புக்கு விருந்தினர்கள் அவதாரங்களாக வந்தார்கள். மறைந்துவிட்ட மணமகளின் தந்தையும் அவதாரமாக நின்றார். அதைப் பார்த்துப் பலர் நெகிழ்ந்தார்கள், சிலர் பயந்தார்கள். இரண்டுமே புரிகிறது. பெண்ணின் ஏக்கம் முழுக்க நிஜம். ஆனால் அங்கே நின்ற உருவம் இன்னொருவர் எழுதிய நிரல். அந்தத் தந்தை மறுத்துப் பேசியிருக்க வழியில்லை.

இதை உசிலம்பட்டி, மேலூர் பக்கத்துக் கல்யாண மண்டபத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மண்டப வாசலில் மொய் எழுதும் மேசை. இப்போது பல இடங்களில் நோட்டுக்குப் பதில் லேப்டாப், சின்ன பிரிண்டர், ரசீது. ஊர், பெயர், தகப்பனார் பெயர், தொகை. "பேரை அழுத்திச் சொல்லுங்கண்ணே" என்பார் எழுதுகிறவர். ஐந்நூறு எழுதியவர் வீட்டில் நாளை ஒரு காதுகுத்து வந்தால், அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பேச்சு நிற்கும், சில இடங்களில் தலைமுறைக்கும் நிற்கும். செய்முறை என்ற இந்த ஏற்பாட்டில் சுமையும் உண்டு, கடன் வாங்கிச் செய்கிறவர்களின் வேதனையும் உண்டு. ஆனாலும் ஒருவர் செய்தது இன்னொருவர் வீட்டில் வருடக்கணக்கில் நிற்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியவில்லை. கருவியும் இங்கே எதிரி இல்லை. லேப்டாப் வந்த பிறகு கணக்கு இன்னும் கெட்டியானது.

எந்த மெய்நிகர் உலகையும் எடைபோட மூன்று கேள்விகள்

1. செய்தது நிற்குமா? விளையாட்டில் செத்தால் மறுபடி தொடங்கலாம். 'மாநாடு' (2021) படத்தின் நாயகன் செத்துச் செத்து அதே நாளில் விழிப்பதும் இந்தத் தர்க்கம்தான். அதை ரசிக்கலாம். 2025 ஆகஸ்டில் 'அம்பிகாபதி'யை ('ராஞ்சனா' இந்திப் படத்தின் தமிழ்ப் பதிப்பு) ஏஐ மூலம் முடிவை மாற்றி, இறந்த நாயகன் பிழைப்பதாக மறுவெளியீடு செய்தபோது தனுஷும் இயக்குநர் ஆனந்த் எல். ராயும் வெளிப்படையாக எதிர்த்தார்கள். ஒரு சாவைத் திரும்பப் பெற்றதும் அதுவரை நடந்த காதலின் கனம் குறைந்துபோகிறது. நிஜ வாழ்வில் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது என்பதால்தான் மன்னிப்புக்கு மதிப்பு.

2. எதிரில் இருப்பவருக்குத் தனி மனம் உண்டா? ட்ரூமனின் துன்பம் இங்கேதான் இருந்தது. நண்பர்களோடு இரவில் பப்ஜி விளையாடும் பையன் ட்ரூமனைவிட நிஜ உலகில் இருக்கிறான். ஹெட்போனில் திட்டுகிறவன் உண்மையான நண்பன். எப்போதும் நமக்குப் பிடித்ததையே சொல்லும்படி செய்யப்பட்ட ஏஐ துணையிடம் மணிக்கணக்கில் பேசுவதில்தான் எனக்குக் கவலை அதிகம்.

3. சுவிட்ச் யார் கையில்? 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. வருடக்கணக்கில் சேர்த்த நிலைகளும் உடைகளும் கைவிட்டுப் போகும் நிலை. அடுத்த வருடம் பிஜிஎம்ஐ என்ற பெயரில் அது திரும்பி வந்தது. 2022 ஜூலையில் ஆப் ஸ்டோர்களிலிருந்து நீங்கியது. 2023 மே மாதம் மறுபடி வந்தது. தடைக்கான காரணங்கள் வேறு விவாதம். அந்த உலகின் குடிமக்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

சட்டம் எங்கே நிற்கிறது?

'ரெடி பிளேயர் ஒன்' (2018) படத்தின் முடிவில், ஒயாசிஸ் என்ற மெய்நிகர் உலகம் நாயகன் கைக்கு வந்ததும் செவ்வாய், வியாழன் இரண்டு நாள் அதை மூடி வைக்கிறான். கற்பனை என்று தோன்றும். ஆனால் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை மூட வேண்டும் என்று தமிழ்நாடு 2025இல் விதி கொண்டுவந்தது. அதே வருடம் ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆகஸ்டில் மத்திய அரசு பண விளையாட்டுகளையே தடை செய்து சட்டம் இயற்றியது. விளையாட்டுக்கு அடிமையாதலை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆக, நேரத்தையும் பணத்தையும் பற்றி ஓரளவு விதிகள் வந்துவிட்டன.

முகம், குரல் விஷயத்தில் நிலைமை வேறு. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் இறந்துபோனாலோ செயலிழந்தாலோ அவருடைய தரவு உரிமைகளைக் கையாள இன்னொருவரை நியமித்து வைக்கும் உரிமையைத் தருகிறது. இறந்தவரை அவதாரமாக நிறுத்தலாமா, அவர் குரலில் புதிதாகப் பேச வைக்கலாமா என்பதை அது நேரடியாகப் பேசவில்லை. சட்டம் அதைப் பேசும் வரை இது குடும்பத்துக்குள் தீர்க்க வேண்டிய விஷயம். தன் குரலையும் படத்தையும் பிற்பாடு என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று பெரியவர்களிடம் அவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.